ஜெர்மனில் ஒலிக்கும் 'மெசையா'வுக்கு நியாயம் வேண்டும்

ஹேண்டலின் 'மெசையா' ஒரடோரியோ ஜெர்மன் மொழியில் பாடிப் பதிவானால், அதை இரண்டாந்தரச் சரக்காகவே மதிக்கும் வழக்கம் விமர்சகர்கள் பலரிடம் இருக்கிறது. ஆங்கிலச் சொற்களுக்கென்றே பிறந்த இசை வேறு மொழியில் உயிரை இழந்துவிடும் என்கிறார்கள். இந்த அளவுகோலே தவறு. புதிய சொற்கள் இசையின் அழுத்தத்தில் பொருந்தி உட்கார்கின்றனவா, பாடுபவர் பொருளுணர்ந்து பாடுகிறாரா என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லும் புகழ்பெற்ற கோரஸையே எடுத்துக்கொள்வோம். அதன் இசை ஆங்கில வரிகளுக்காகப் பிறந்ததல்ல. 1741-இல், 'மெசையா'வை எழுதுவதற்குச் சற்று முன்னால், ஹேண்டல் இத்தாலிய மொழியில் ஒரு காதல் டூயட் அமைத்தார். அதைத்தான் இங்கே எடுத்தாண்டார். டூயட்டின் முதல் சொல் 'இல்லை' என்ற உறுதியான மறுப்பு. அதனால் அந்த இடத்தில் ஓங்கிய அழுத்தம். ஆங்கிலத்தில் அந்த அழுத்தம் 'ஏனெனில்' என்ற வெறும் இணைப்புச் சொல்லின் மேல் விழுகிறது. மோட்சார்ட் 1789-இல் வியன்னாவில் 'மெசையா'வை மாற்றியமைத்தபோது பயன்படுத்திய ஜெர்மன் வடிவத்திலோ அங்கே நிற்கும் சொல் 'நமக்கு'. யாருக்காகப் பிறந்தது என்பதுதானே அந்தச் செய்தியின் உயிர்! இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு மூலத்தை மிஞ்சிவிடுகிறது.

இசை நடத்துநர் சார்லஸ் மெக்கராஸ் 1974-இல் பதிவு செய்த மோட்சார்ட் வடிவத்தைக் குறை சொல்பவர்கள், கிளாரினெட் சேர்ந்ததையும் ட்ரம்பெட் பாடல் சுருங்கியதையும் காட்டுகிறார்கள். அவை மோட்சார்ட்டின் இசைமாற்றங்கள். அவற்றைத் தாராளமாக விமர்சிக்கலாம். பழியை மொழியின் தலையில் போடுவதுதான் நியாயமில்லை. இசைத்தட்டோடு வரும் கையேட்டில் வரிகளின் பொருள் அச்சாகியிருக்கிறதே, பிறகு எதற்கு மொழிபெயர்த்துப் பாட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஒரடோரியோவில் நடிப்பில்லை, உடையில்லை, மேடைக்காட்சியில்லை. கதை முழுவதையும் சொற்களே சுமக்கின்றன. பேச்சை ஒட்டிச் செல்லும் ரெசிட்டேடிவ் பகுதிகளில், காதில் விழும் கணத்திலேயே பொருள் மனத்தில் பதிய வேண்டும். கையேட்டைப் புரட்டுவது அதற்கு ஈடாகாது. ஜெர்மன் கேட்பவருக்கு மெக்கராஸின் பதிவில் பாடகர் பீட்டர் ஷ்ரையர் தம் தாய்மொழியில் நேராகப் பேசுகிறார்.

எல்லா மொழிபெயர்ப்பும் இப்படி அமையாது. நீண்ட சங்கதியில் வாய் திறவாத உயிரெழுத்து வந்து மாட்டினால் எந்தக் குரலும் திணறும். அதைக் கறாராகச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். ஆனால் தீர்ப்புக்கு முன்னால், அந்த ஒரு கோரஸையாவது இரண்டு மொழிகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.