கேளாத அவை

படவேட்டு மாணவி ஒருத்தி தன் படைப்புத் திட்டத்தை வகுப்பின்முன் வைத்தாள். சம்புவராயரின் தலைநகராயிருந்த தன் ஊர் 14ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனிடம் வீழ்ந்தது. வென்றவன் மனைவி கங்காதேவி அவ்வெற்றியை 'மதுரா விஜயம்' எனும் வடமொழிக் காவியத்தில் பாடிவிட்டாள். தோற்றவர் பக்கம் நின்று தான் ஒரு நாவல் எழுத வேண்டும் என்றாள். சக மாணவர் கேட்ட ஒரே கேள்வி: எத்தனை பக்கம்? நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்துக்கு எட்டு போட்டேன்.

நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அங்கே கேட்பவனுக்கும் பொறுப்பிருந்தது. மாணவர்க்கு ரசனையில்லை என்று சிற்றிதழ்களில் புலம்பும் பேராசிரிய நண்பர்களே, இந்தக் கேளாத அவையை அகமதிப்பீட்டு மதிப்பெண் காட்டி வளர்த்தவர்கள் நாமல்லவா? அக்கதையை யார் வாயால் சொல்லப்போகிறாய் என்றுகூட நான் அவளிடம் கேட்கவில்லை.