வக்காலத்தும் செஞ்சோற்றுக்கடனும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை எட்டுவதற்குமுன் வருகிற ஊர் சேரப்பணஞ்சேரி. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010 இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012 இல் டைம்லர் லாரி ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அதன்பின் இந்த வட்டாரத்துச் சாலைகளின் குணமே மாறிவிட்டது. உதிரிபாகம் ஏற்றிய லாரிகள், கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள், ஷிப்டு மாறும் வேளைகளில் வரிசைகட்டும் ஆலைப் பேருந்துகள். இவற்றுக்கு நடுவே சைக்கிள்காரரும் பால்காரரும் சாலையைக் கடந்தாக வேண்டும். விபத்து நேர்கிறது. அடிபட்டவரின் துயரத்தைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். அந்த வழக்கில் யாருமே திரும்பிப் பார்க்காத இன்னொருவரைப் பற்றி நாம் இங்கே பேச விரும்புகிறோம். அவர் கடன் வாங்கி ஒற்றை லாரியோ வேனோ ஓட்டுகிற உரிமையாளர்.

இழப்பீடு கோரும் மனுவில் வழக்கமாக ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவர் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள். காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ தீர்ப்பாயத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் போதும். முதல் இருவரின் பெயர் அழைக்கப்படும். பெரும்பாலும் பதில் இராது. ‘எக்ஸ்பார்ட்டி’ என்று குறிக்கப்படும். மூன்றாமவருக்காக மட்டும் ஒரு வழக்குரைஞர் எழுந்து நிற்பார். உரிமையாளர் வராமல் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ‘பிரீமியம் கட்டியிருக்கிறோம், கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கையே முதற்காரணம். அந்த நம்பிக்கையைத் தந்தது பாலிசியேதான். நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி உரிமையாளர் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர் பெயரிலேயே வழக்கை எடுத்து நடத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் நிபந்தனை இது.

சட்டமும் இந்தத் திசையிலேயே வளர்ந்திருக்கிறது. கேப்டன் இத்பார் சிங் வழக்கில் 1959 இல் உச்ச நீதிமன்றம், சட்டம் பட்டியலிட்ட சில தற்காப்புகளை மட்டுமே காப்பீட்டு நிறுவனம் தன் பெயரில் எழுப்ப முடியும் என்றது; மற்றவற்றைப் பேச வேண்டுமானால் பாலிசியில் உரிமை வைத்துக்கொண்டு உரிமையாளர் பெயரில் வாதாடலாம் என்றும் வழிகாட்டியது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு, உரிமையாளர் எதிர்த்து நடத்தாவிட்டாலோ மனுதாரரோடு கூடிக்கொண்டாலோ, தீர்ப்பாயத்தின் அனுமதியோடு அவருடைய எல்லா வாதங்களையும் நிறுவனமே எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. நிறுவனத்தை எதிர்மனுதாரராகவே சேர்த்திருந்தால் அந்த அனுமதியும் தேவையில்லை என்றது 2011 இன் ஷீலா தத்தா தீர்ப்பு.

ஆக, வராத உரிமையாளரின் இடத்தில் நிறுவனத்தின் வழக்குரைஞர் நிற்கிறார். ஓட்டுநர்மேல் தவறில்லை, அடிபட்டவரின் வருமானம் அவ்வளவு இல்லை, ஊனத்தின் விழுக்காடு மிகை என்று உரிமையாளர் சொல்லக்கூடிய அனைத்தையும் அவர் சொல்வார். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். உரிமையாளரின் லாரியைக் காப்பாற்றக்கூடியது அந்த ஒன்றுதான்.

ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகியிருந்தது, அல்லது போலி என்று வைத்துக்கொள்வோம். ‘முதலில் கொடு, பிறகு வசூலி’ என்பது இங்கே நீதிமன்றங்கள் கண்ட வழி. அடிபட்டவருக்குப் பணம் உடனே கிடைக்கும். நிறுவனம் அதை உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெறும். ஆனால் 2004 இன் சொரண் சிங் தீர்ப்பு ஒரு தடுப்பும் வைத்தது. உரிமத்தில் குறை இருப்பது மட்டும் போதாது; உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதை நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில், லேரு வழக்கில், உரிமத்தைப் பார்த்து ஓட்டத் தெரிகிறதா என்று சோதித்து ஆளை அமர்த்திய உரிமையாளர், அந்த உரிமம் அசலா என்று ஆர்.டி.ஓ. அலுவலகம்தோறும் அலைய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

‘உரிமத்தைப் பார்த்தேன், ஓட்டச் சொல்லிப் பார்த்தேன், பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்’ என்று கூண்டில் ஏறி உரிமையாளர் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள் அவை. அவற்றைச் சொல்ல அவர் அங்கே இல்லை. அவர் இடத்தில் நிற்பவருக்கோ அவை சொல்லப்படாமல் இருப்பதே ஆதாயம். பிறகு, 2004 இன் நஞ்சப்பன் தீர்ப்பு காட்டிய வழியில், தனி வழக்கு எதுவுமின்றி நிறைவேற்று மனுவே வருகிறது. லாரி ஜப்திக்கு உள்ளாகலாம். சிறு வேன்களின் கதை இன்னும் துயரமானது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற கேள்வி 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு ‘ஓட்டலாம்’ என்று உறுதிசெய்யும்வரை அலைக்கழிந்தது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பிரிவுகளின் எண்களையும் சொற்களையும் மாற்றியிருக்கிறது. ஒரே வழக்கில் துணைவராகவும் எதிரியாகவும் நிற்கும் அந்த முரண் மட்டும் மாறவில்லை.

இங்கேதான் வழக்குரைஞரின் அறம் கேள்விக்கு உள்ளாகிறது. இந்திய வழக்குரைஞர் கழகத்தின் விதிகள் தெளிவானவை. கட்சிக்காரரிடம், எதிர்த்தரப்போடு தனக்குள்ள தொடர்பையும் வழக்கில் தனக்குள்ள நலனையும் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். கட்சிக்காரர் அல்லது அவரது அதிகாரம் பெற்ற முகவர் தவிர வேறு எவருடைய கட்டளைப்படியும் நடக்கக் கூடாது. ஒருவருக்காக நின்றபின் அதே விவகாரத்தில் அவருக்கு எதிராக நிற்கக் கூடாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பதை 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2023 ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. பாலிசி நிபந்தனையே நிறுவனத்தை முகவராக்கிவிடுகிறது என்று வாதிடலாம். ஆனால் தற்காக்கத் தந்த அதிகாரம் தாக்குவதற்கு ஆகாது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை முன்பே சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1938 இல் தீர்ப்பான குரூம் வழக்கு ஒரு கார் விபத்தைப் பற்றியது. கார் ஓட்டியவர்மேல் தவறே இல்லை. காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய வழக்குரைஞர்களோ, இரு நிறுவனங்களுக்கிடையே இருந்த ஓர் ஏற்பாட்டை முன்னிட்டு, தவறு அவருடையதே என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நிறுவனத்துக்கும் பாலிசிதாரருக்கும் பொதுவான நலனுக்காகவே வழக்கை நடத்தும் உரிமை தரப்பட்டிருக்கிறது என்று சொல்லி, அந்த வழக்குரைஞர்கள் கடமை தவறினார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பார்சன்ஸ் வழக்கில் (1976), ஒரு சிறுவனுக்காக அமர்த்தப்பட்ட வழக்குரைஞர் அவனைப் பற்றிய இரகசியக் கோப்பைப் படித்துவிட்டு, ‘வேண்டுமென்றே செய்திருக்கிறான்’ என்று நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் அதையே பற்றிக்கொண்டு பணம் தர மறுத்தது. நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் 1984 இன் கூமிஸ் தீர்ப்புக்குப் பிறகு, நலன்கள் முரண்படும் இடத்தில் பாலிசிதாரர் தாமே ஒரு வழக்குரைஞரைத் தேர்ந்துகொள்ளலாம், கட்டணம் நிறுவனத்தினுடையது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பொய் விபத்துகளும் கூட்டுச் சதிகளும் உண்டு. அவற்றுக்குப் போகும் பணம் எல்லோரும் கட்டிய பிரீமியம். உரிமமே இல்லாதவன் கையில் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரைப் பாதுகாக்கவும் நாம் வரவில்லை. நிறுவனத்தின் வழக்குரைஞர் நிறுவனத்துக்காக வாதிடுவதில் குற்றமில்லை. அவர் தம்மை யாரென்று சொல்லிக்கொள்கிறார் என்பதே நம் கேள்வி. இருவருக்கும் சேர்த்து வக்காலத்துத் தாக்கல் செய்திருந்தால், முரண் தெரிந்த அன்றே அதைச் சொல்லி விலக வேண்டும். நிறுவனத்துக்கு மட்டுமே வக்காலத்து என்றால், ‘ஆவணங்களோடு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று உரிமையாளரை அழைத்து, அவர் வெள்ளந்தியாகச் சொன்னதை அவருக்கெதிரான சாட்சியமாக்கக் கூடாது.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை. ‘பாலிசி நிபந்தனை மீறப்பட்டது’ என்ற வாதத்தை எழுப்பும் நாளில், உரிமையாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் போகட்டும்: ‘இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் உங்களுக்கு எதிர்த்தரப்பு. நீங்கள் வராவிட்டால் முழுத்தொகையும் உங்கள் தலையில் விழலாம். உங்களுக்கென ஒரு வழக்குரைஞரை வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைவென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.’ அந்தக் கடிதம் சேர்ந்ததற்கான சான்றைப் பார்க்காமல் வசூல் உத்தரவு இடுவதில்லை என்று தீர்ப்பாயங்கள் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கட்டணம் தந்தவருக்கு விசுவாசமாக இருப்பதற்கு நம் மரபில் செஞ்சோற்றுக்கடன் என்று பெயர். கும்பகருணனையும் கர்ணனையும் அதற்காகவே நாம் இன்றும் மதிக்கிறோம். ஆனால் அவ்விருவரும் தாம் நிற்கும் பக்கத்தை ஒருபோதும் மறைக்கவில்லை. வீடணன் வந்து அழைத்தபோது கும்பகருணன் சொன்னான். குந்தி வந்து கேட்டபோது கர்ணன் சொன்னான். எதிரே நிற்பேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுக் களம் போனார்கள். கம்பெனியின் சோற்றை உண்பவர் கம்பெனிக்காகப் போரிடட்டும். சேரப்பணஞ்சேரி லாரிக்காரரிடம் அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போரிடட்டும்.