பேர் எங்கே போச்சு?

போன மாசம் எங்கள் சாணார்பட்டியில், என் வீட்டு முற்றத்திலேயே நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

திண்டுக்கல் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு வறுத்த கடலை வாங்கி வந்தார். கடலை தீர்ந்ததும் பெரியவள் பொட்டலத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தாள். திடீரென்று, "அம்மா, இது நீ எழுதின கதைம்மா!" என்று கத்தினாள்.

வாங்கிப் பார்த்தேன். என் கதையேதான்! சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலையும் கையுமாக ராத்திரியெல்லாம் விழித்திருந்தேனே, அந்த நாட்களில் எழுதியது. ஒரு பத்திரிகையில் என் பேரோடு வந்தது. இப்போது ஏதோ ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தலைப்பை மாற்றிப் போட்டிருந்தார்கள். என் பேர் மட்டும் இல்லை.

"நாலு பேர் படிச்சாங்கல்ல, போதாதா?" என்றார் இவர். எனக்குப் போதவில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தையில் பார்க்கிறேன், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றால் மனசு ஆறுமா?

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கதையை எழுதி முடித்த அன்றே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தே தீர வேண்டும் என்பதில்லை. நாட்டு நடப்பு பற்றிய கட்டுரை என்றால், எழுதியவர் தடுத்திருந்தாலொழிய மற்றப் பத்திரிகைகள் எடுத்துப் போடலாம் என்று ஒரு சலுகை உண்டு. கதைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, உரிமையை விற்றுவிட்டாலும்கூட "இதை எழுதியது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுத்தாளரை விட்டுப் போகாது. படைப்பைச் சிதைத்தாலும் தட்டிக் கேட்கலாம். ஹிந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி கேட்டாரே! பிரிந்துபோன அப்பா அம்மாவுக்கு நடுவே தவிக்கும் ஒரு சிறுவனைப் பற்றிய அவருடைய நாவலைப் படமாக எடுத்தவர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தையும் தாண்டி நிற்பது இந்த உரிமை என்று 1986-ல் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

நான் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. பழைய இதழின் நகலை இணைத்து அந்த நாளிதழுக்கு மரியாதையாக ஒரு கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரு மூலையில் இரண்டு வரி வருத்தத்தோடு என் பேர் வந்தது. அதை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்!

சந்தோஷத்தில் எதிர்வீட்டு அத்தையிடம் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அத்தை மெதுவாகச் சொன்னார்: "நல்லதும்மா. ஆனா போன வருஷம் சளிக்கு நான் சொல்லிக் குடுத்த சுக்குக் கஷாயத்தை, 'எங்கள் வீட்டுக் கைப்பக்குவம்'னு நீயும்தானே எழுதினே?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இதே பக்கத்தில்தான் எழுதியிருந்தேன். வாயால் சொன்ன கைப்பக்குவத்துக்குச் சட்டம் காவல் நிற்காது. எழுதிய வார்த்தைக்குத்தான் நிற்கும். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே! ஆகவே இன்று சொல்லிவிடுகிறேன்: அந்தக் கஷாயம் எதிர்வீட்டு அத்தை சொன்னது. அவருக்கு அவருடைய அம்மா சொன்னதாம்.

எங்கள் பக்கத்துச் சிறுமலை வாழைப்பழத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும், ஊர்ப் பேரை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பழத்துக்கும் பூட்டுக்கும் உள்ள மரியாதை, ராத்திரி கண் விழித்து எழுதும் ஒரு பெண்ணின் பேருக்கு வேண்டாமா?

எழுதும் சகோதரிகளே, இரண்டு மூன்று விஷயம் ஞாபகம் வையுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். வெளியான இதழைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பேரில்லாமல் எங்காவது வந்தால், சண்டைக்குப் போகாமல் முதலில் ஆதாரத்தோடு கடிதம் எழுதுங்கள்.

எழுதாத சகோதரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. செல்போனில் ஒரு கதையோ கவிதையோ வந்து பிடித்துப்போய் நாலு பேருக்கு அனுப்பும்போது, கீழே உள்ள பேரை வெட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கற்ற குழம்பைப் பரிமாறும்போது, "இது அந்த அக்கா சொன்னது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழம்பின் ருசி அதனால் குறைந்துவிடாது.

அத்தை இப்போது என்னிடம் முருங்கைக்கீரை அடை ஒன்று சொல்லியிருக்கிறார். அடுத்த இதழில் எழுதுகிறேன், அவர் பேரைச் சொல்லி!