மருந்துக்கும் அறிவு வேண்டும்!

காஞ்சியில் கோர்வைப் புடவை நெய்கிறவருக்குக் கைதான் மூலதனம். அந்தக் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, வயிறாரச் சாப்பிட்டும் உடல் இளைத்தால், ஆணுக்குக் "கண் திருஷ்டி" என்றும், பெண்ணுக்குப் "பேய்" என்றும் சொல்லிக் கயிறு கட்டுகிறார்கள். நாம் கேட்கிறோம்: கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால், கையில் கட்டிய கயிறு அதை எப்படி அடக்கும்?

1943-இல் அமெரிக்க வைத்தியர் ஆஸ்ட்வுட், இச்சுரப்பை மருந்தால் அடக்கலாமென்று காட்டினார். அவ்வழியில் வந்ததே இன்றைய கார்பிமசோல். இது புதுச் சுரப்பைத்தான் தடுக்கும்; முன்பே சேர்ந்திருப்பது தீரச் சில வாரங்களாகும். இதையறியாமல் பத்தாம் நாளே "பயனில்லை" என்று எறிவதும், சற்றுக் குணங்கண்டதும் "தெய்வச் செயல்" என்று நிறுத்துவதும் ஒரே மடமைதான். பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் வரை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனையோடு உட்கொள்ள வேண்டும்.

ஆனால் தோழர்களே, மருந்தையும் தெய்வமாக்கிவிடாதீர்கள்! ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 3 மாதங்களில், இது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சலோ, தொண்டைவலியோ, வாய்ப்புண்ணோ கண்டால், "உடம்புச் சூடு" என்று கஷாயம் குடித்துக்கொண்டிராமல், மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தாலும் அப்படியே. பிள்ளைபெற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்; ஆரம்ப மாதங்களில் இம்மருந்து கருவுக்குக் கெடுதி செய்யக்கூடும். ஆனால் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

இவற்றைச் சீட்டு எழுதும்போதே விளங்கும் தமிழில் சொல்வது வைத்தியர் கடமை; கேட்டறிவது நோயாளியின் உரிமை. நம்பி விழுங்குவது பக்தி. அறிந்து விழுங்குவதே வைத்தியம்.