எழுத்துக்குக் கூலி: செஞ்சிக் கோட்டை சொல்லும் கணக்கு

இலக்கியம் பேசும் இடத்தில் பணம் பேசுவது அநாகரிகம் என்றோர் எண்ணம் நம்மிடையே வெகுநாட்களாக நிலவி வருகிறது. ஒரு கவிதையின் படிமம் குறித்து விடியவிடிய விவாதிக்கும் நண்பர்கள், அதை எழுதியவர் இந்த மாத வாடகையை எப்படிக் கொடுத்தார் என்று கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. சொன்னால் எழுத்தின் புனிதம் கெட்டுவிடும் என்று இரு தரப்பும் சேர்ந்து நம்புகின்றன. நல்ல காலத்தில் இந்த மௌனம் அவ்வளவாக உறுத்துவதில்லை. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்து, பதிப்பகங்கள் கைப்பிரதிகளைக் கிடப்பில் போட்டு, மாதச் சம்பளமின்றி எழுத்தையே நம்பியிருப்பவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போகும் காலத்தில் இம்மௌனம் எழுத்தாளனைத் தனியனாக்குகிறது. ஆகவே இதைப் பேசியாக வேண்டும் என்று நினைக்கிறோம். பேசுவதற்குச் செஞ்சியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் நமக்குத் தெரியவில்லை.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், பாறைகளைக் கொட்டிக் குவித்தாற்போன்ற குன்றுகளுக்கிடையே இருக்கிறது இவ்வூர். சுற்றுப்புற விவசாயிகள் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஊரார் ‘கமிட்டி’ என்றழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வருகிறார்கள். எடை போடப்படுகிறது, விலை கூறப்படுகிறது. விலை கட்டுபடியாகவில்லை என்றால் விவசாயி உரக்கச் சண்டை போடுகிறார். அதை யாரும் அநாகரிகம் என்பதில்லை. அதே ஊரில் ஒருவர் எழுதிப் பிழைக்க நினைத்தால் எடைமேடையும் இல்லை, விலைப்பலகையும் இல்லை. “ஏதோ பார்த்துச் செய்யுங்கள்” என்பதோடு அவருடைய பேரம் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் காசுக்கு எழுதுவது செஞ்சிக்குப் புதிதன்று. கர்னல் வில்லியம் மக்ளியாட் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டில் அதிகாரியாக இருந்தார். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் செஞ்சியைச் சேர்ந்த நாராயணப் பிள்ளை என்பவர் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். இன்றைய மொழியில் சொன்னால், கேட்டு வாங்கிய எழுத்து. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடித் தொகுப்பின் வழியாக அது பிழைத்துக் கிடந்தது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகச் செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அவர் கையாண்ட மூலங்களுள் இந்நூலும் ஒன்று. அரண்மனைப் புலமைக்குரிய பட்டயமோ பொற்கிழியோ பெற்ற கவிராயர் எழுதியதல்ல இது. தம் ஊர்ச் செய்திகளை அறிந்த ஒருவர், அச்செய்தி வேண்டியிருந்த ஒருவருக்காக எழுதிக் கொடுத்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயர் நூலோடு நிற்கிறது.

இதற்கு மறுதலையும் செஞ்சியிலேயே உண்டு. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருதி மாண்ட தேஜ்சிங், மக்கள் வாயில் தேசிங்குராஜன் ஆனான். அவன் கதை தெருப்பாட்டாகப் பரவி, பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்றது. 1960இல் திரைப்படமாகவும் வந்தது. அட்டையில் பதிப்பாளர் பெயர் பளிச்சென்று தெரியும். முதன்முதலில் அதைப் பாடியவனின் பெயரோ மக்கள் நினைவில் இல்லை. செஞ்சியைப் பற்றிய எழுத்துகளிலேயே அதிகம் விற்றது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதன் ஆசானுக்கு அதனால் காலணா மிஞ்சியிருக்கும் என்று நாம் நம்பவில்லை. பெயரில்லாத எழுத்து எவ்வளவு விற்றாலும் எழுதியவனுக்குச் சோறு போடாது.

எழுத்தை விற்பது என்றதும் நம் நினைவுக்கு வரவேண்டியவர் பாரதி. செஞ்சிக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பத்தாண்டு வறுமையில் கழித்த அவர், 1920இல் கடையத்திலிருந்து ஒரு திட்டத்தை அறிவித்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது. அதற்கு வேண்டிய முதலை நண்பர்களிடம் கடனாகத் திரட்டுவது. தம் புத்தகங்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு செல்லும் என்று அவர் மனமார நம்பினார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே இல்லை. பாரதிக்கு விற்கத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. தீப்பெட்டியோடு தம் நூலை ஒப்பிடத் துணிந்த கவிஞனுக்குச் சந்தை என்றால் என்னவென்று தெரிந்தேயிருந்தது. மொத்த முதலும் ஒரே வீச்சில் வந்து சேர வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் பலவீனம் இருந்தது.

சி. சு. செல்லப்பாவின் வழி வேறு. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார், நூல்களையும் வெளியிட்டார். விற்பனையாளர் வருவார் என்று காத்திராமல் புத்தகக் கட்டைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். பேராசிரியர்களோடு பேசினார், மாணவர்களோடு வாதாடினார், ஓரிரு பிரதிகள் விற்றார், அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறினார். அவர் பணக்காரராகவில்லை என்பது உண்மையே. ஆனால் வாங்கியவரின் முகம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவரும் அவரை மறக்கவில்லை. இன்று ஆலோசகர்கள் பெரிய பெயர் சூட்டிச் சொல்லித்தரும் ‘மார்க்கெட்டிங்’கின் சாரம் அந்தப் புத்தகக் கட்டுக்குள் இருந்ததாகவே நாம் எண்ணுகிறோம்.

மூன்றாமவர் புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன். சில பத்திரிகைகளில் சிலகாலம் வேலை பார்த்துவிட்டு, பின்பு முழுநேர எழுத்தாளராகவே வாழ்ந்து தீர்த்தவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் துருவி, தம் ஊரின் 18ஆம் நூற்றாண்டு வாழ்வை ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களாக்கினார்; பின்னது 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அரசு மரியாதை கிடைத்தது. உயிரோடிருந்த காலத்தில் அவர் பட்ட பணமுடையை அவரே கட்டுரைகளிலும் பேச்சுகளிலும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். விருதும் மரியாதையும் மாதச் செலவுக்கு ஈடாகா என்பது அவர் வாழ்விலிருந்து நாம் படிக்கும் பாடம். சொந்த ஊரின் ஆவணத்துக்குள் ஒருவர் இறங்கினால் வாழ்நாள் முழுதுக்குமான பொருள் கிடைக்கும் என்பதும் அதே வாழ்விலிருந்து கிடைப்பதே.

இன்றைய நிலைக்கு வருவோம். 2020இன் ஊரடங்கு, தள்ளாடிக்கொண்டிருந்த அச்சு இதழ்கள் பலவற்றை முடக்கிப்போட்டது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பின்னர், விளம்பர வாசகம், பொருள் விவரணை, அவசர மொழிபெயர்ப்பு என்று பெயரில்லாமல் எழுதிக் கொடுத்துப் பெற்றுவந்த சில்லறை வருமானமும் சுருங்கத் தொடங்கியது. யார் எழுதினாலும் ஒன்றுதான் என்னும்படியான எழுத்தை இயந்திரம் எழுதிவிடுகிறது. அத்தகைய வேலையில் இயந்திரத்தோடு விலையில் போட்டியிடுவது வீண். நம்மிடம் மட்டுமே இருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

செஞ்சியில் அது குவிந்து கிடக்கிறது. ஆல்ஃப் ஹில்டிபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் திரௌபதி வழிபாடு குறித்து இரு பெருந்தொகுதிகள் எழுதினார். 1988இல் வெளிவந்த முதல் தொகுதியின் துணைத் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. குருக்ஷேத்திரத்துக்கான பயணத்தை அவர் செஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறார். மேலச்சேரிக் கோயிலும் இவ்வட்டாரத்துத் தெருக்கூத்தும் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திருநாதர்குன்றத்துத் தீர்த்தங்கரர்கள், மேல்சித்தாமூர்ச் சமண மடம், மேல்மலையனூர் அங்காளம்மன் என்று ஒவ்வொன்றும் ஒரு நூலுக்குரியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. இனி வழிகாட்டி நூல் வேண்டும், அறிவிப்புப் பலகைக்கு வாசகம் வேண்டும், சிறுவர்க்கான வரலாறு வேண்டும், ஆவணப்படத்துக்கு உரை வேண்டும். இவற்றை எழுதப்போவது யார்? செஞ்சியின் மண்ணறிந்தவரா, தலைநகரில் உட்கார்ந்து இணையத்தைத் துழாவும் ஒப்பந்தக்காரரா?

இத்தகைய வேலை இலக்கியவாதிக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க அரசு, வேலையிழந்த எழுத்தாளர்களுக்கென்று 1935இல் ஒரு திட்டம் தொடங்கியது. உச்சத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் அதில் கூலி பெற்றனர். மாநிலந்தோறும் வழிகாட்டி நூல் எழுதுவது, முதியோர் வாய்மொழிகளைப் பதிவது என்பன வேலைகள். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர் 2,000க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள் அப்படித்தான் எழுத்தில் ஏறின. ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன், ஸோரா நீல் ஹர்ஸ்டன் முதலியோர் அத்திட்டத்தில் சம்பளம் வாங்கியவர்களே. வழிகாட்டி நூல் எழுதியதால் அவர்களுடைய இலக்கியம் கெட்டுப்போகவில்லை. பாரம்பரியச் சின்னத்துக்குச் சாலையும் மின்விளக்கும் போடும் அரசு, அதன் செலவுக் கணக்கில் உள்ளூர் எழுத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று நாம் கூட்டாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வேலை வந்தால் அதன் நிபந்தனையைப் படிக்கத் தெரிய வேண்டும். சம்பளத்துக்குப் பணிபுரியாமல் தனித்து எழுதுபவருக்குத் தம் எழுத்தின் பதிப்புரிமை, அவரே மாற்றிக் கொடுக்காதவரை அவருடையதுதான் என்பது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது நிலை. அரசின் ஏவலில் எழுதப்பட்டதற்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், உரிமை அரசுக்குப் போகும்; ஆகவே அங்கே முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தாலன்றிச் செல்லாது. கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுதான்; எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இவை 19ஆம் பிரிவில் உள்ளவை. வாய்வார்த்தையில் “எல்லா உரிமையும் எங்களுக்கே” என்பவரிடம் ஒரு தாளை நீட்டி எழுதித் தரும்படி கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. நட்பு கெட்டுவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. தாளில் எழுதக் கூசும் நட்பு நெடுநாள் நில்லாது.

இனி, நெருக்கடியைத் தாக்குப்பிடிப்பது எப்படி? செஞ்சிக் கோட்டையே அதற்கு விடை வைத்திருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று மலைகள்; ஒவ்வொன்றும் தனித்து நிற்கவல்லது; மூன்றையும் ஒரு மதில் இணைக்கிறது. அடிவாரத்தில் நெற்களஞ்சியங்கள். சுல்ஃபிகர் கானின் முகலாயப் படை 1690இல் வந்து சூழ்ந்தும், 1698இல்தான் கோட்டையைக் கைப்பற்ற முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். இடையில் பட்டினியும் பஞ்சமும் முற்றுகையிட்டவர்களையே வாட்டின. எழுதிப் பிழைப்பவருக்கும் மூன்று மலை வேண்டும். பெயர் நிற்கும் சொந்தப் படைப்பு ஒன்று. கேட்பவருக்காக எழுதும் வரலாறு, வழிகாட்டி, உரை போன்றவை இரண்டாவது. மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், பயிற்றுவிப்பு என்ற கைத்தொழில் மூன்றாவது. ஒன்று விழுந்தாலும் மற்றிரண்டு நிற்கும். வருகிற சன்மானத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் போட்டுவைப்பது, அடுத்த முற்றுகையில் அடிமாட்டு விலைக்கு எழுத்தைத் தள்ளிவிடாமலிருக்க உதவும். ஒரே பத்திரிகையை, ஒரே பதிப்பாளரை, ஒரே நூலக ஆணையை நம்பியிருப்பவர் ஒற்றை மலையில் கொடி நட்டவரே.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்றிதழ்கள் சன்மானம் தருவதில்லை. பெரும்பாலானவற்றால் தரவும் இயலாது. ஆசிரியரே கைக்காசைப் போட்டு நடத்தும் இதழுக்கு நாம் எழுதுவது கொடை. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தக் கொடைப் பழக்கத்தைக் காட்டி, லாபம் பார்க்கும் நிறுவனங்களும் விழா நடத்துவோரும் “இலக்கியம்தானே, சும்மா எழுதிக் கொடுங்கள்” என்கிறார்கள். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, பேச்சாளருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். இயலாதவருக்கும் மனமில்லாதவருக்கும் உள்ள வேற்றுமையை நாம் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்க வேண்டும். யார் எவ்வளவு தருகிறார்கள் என்ற செய்தியையாவது எழுதுபவர்கள் தங்களுக்குள் மறைக்காமல் பகிர்ந்துகொள்ளலாம். கமிட்டியின் விலைப்பலகை விவசாயிக்குச் செய்யும் உதவி அதுதான்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. பிடித்த எழுத்தாளரின் நூலை இரவல் வாங்காமல் ஒரு பிரதி காசு கொடுத்து வாங்குங்கள். வெளிவரவிருக்கும் நூலுக்கு முன்பதிவு செய்யுங்கள். செஞ்சிக்கு வரும்போது கோட்டையைப் பார்த்துவிட்டு, இவ்வூர் பற்றித் தமிழில் எழுதப்பட்ட புத்தகம் எங்கே கிடைக்கும் என்று நுழைவுச்சீட்டுக் கொடுக்குமிடத்தில் ஒருமுறை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அங்கே புத்தகம் வைக்கத் தோன்றும். நூறு பேர் கேட்டால் எழுதச் சொல்லி யாரையாவது தேடுவார்கள். அன்று நாராயணப் பிள்ளையின் ஊரில், எழுதிக் கொடுக்க ஒருவர் மிச்சமிருக்க வேண்டும் என்பதே நம் கவலை.