ஓடி வருகிற தகப்பன்



அமெரிக்காவின் டென்னசி மலைக்காட்டில் 1986 முதல் நடைபெறும் பார்க்லி மாரத்தானை உருவாக்கியவர்களுள் ஒருவர், லாசரஸ் லேக் எனப்படும் கேரி கேன்ட்ரெல். ஏறத்தாழ 100 மைல்; 60 மணி நேரம். 2024 வரை முழுமையாய் முடித்தவர்கள் 20 பேரே. இடையில் விலகித் திரும்புகிறவருக்கு எக்காளம் ஊதப்படும்.

கேன்ட்ரெலைக் குறை கூற மாட்டேன். ஓடுகிறவர்கள் தாங்களே விண்ணப்பித்து வருகிறார்கள். புற்றுநோய்க்கு யார் விண்ணப்பித்தார்? ஆயினும் நோயாளியிடம், "தேவன் உங்களைச் சோதிக்கிறார்" என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அது தேவனைப் பந்தய அமைப்பாளராக்கும் பேச்சு.

லூக்கா 15-ஐ வாசியுங்கள். தன் தவற்றால் வீழ்ந்த மகனை நோக்கியே தகப்பன் ஓடினாரெனில், தவறின்றித் துன்புறுகிறவரிடம் எவ்வளவு விரைந்து வருவார்! இவ்வாரம் துன்பப்படுகிறவருக்கு விளக்கம் சொல்லாதிருங்கள். அருகே சென்று அமருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.