குடிகாரன் பாதையும் நேர்த் தையலும்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதில் அமெரிக்க மாதர் வகுத்த கோலங்கள் பல. அவற்றுள் ஒன்று ‘குடிகாரன் பாதை’. சதுரத்தின் ஒரு மூலையில் வேறு நிறத்தில் கால் வட்டம். இப்படி 16 சதுரங்கள், அவற்றில் 8-க்கு நிறம் மாற்றி. திருப்பித் திருப்பி அடுக்கினால், தள்ளாடிச் செல்பவனின் தடம் போன்ற வழி புலப்படும். 1874-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தோன்றிய கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தோடு இதனைச் சேர்த்துப் பேசுவதுண்டு.

பார்க்க அழகு, தைக்கத் தொல்லை. தையலுக்கென்று கால் அங்குலம் விட்டு வெட்டுகிறோம் அல்லவா? 4 அங்குல ஆரமுள்ள வளைவில், புடைத்த துண்டின் விளிம்பு ஏறத்தாழ 6.7 அங்குலம், குழிந்ததன் விளிம்போ 5.9 அங்குலமே. ஆரம் எதுவாயினும் இவ்வேறுபாடு குறையாது. ஆதலால் வளைவு சிறுக்கச் சிறுக்கத் தொல்லை பெருகும். குழிந்த விளிம்பில் சிறு வெட்டுகள் இட்டு, குண்டூசி குத்தி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். நூலோட்டத்திற்குக் கோணலான இடமாதலால் துணியும் நீண்டு கொடுக்கும். வீட்டு வேலைக்கிடையே அரைமணி கிடைப்பதே அரிதாயிருக்கையில் இது எத்தனை பேருக்கு இயலும்?

வளைவை நேர்க்கோடாக்கிவிடலாம். 6 அங்குலச் சதுரம் வேண்டின் 6½ அங்குலத்தில் ஒன்று வெட்டுக. வேறு நிறத்தில் 4½ அங்குலச் சதுரத்தை அதன் மூலையில், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க வைத்து, அம்மூலையைக் குறுக்கே துண்டிக்கும் மூலைவிட்டத்தில் ஒரே தையல் இடுக. கால் அங்குலம் விட்டு வெளிப்புறத்தைக் கத்தரித்து, மேல்துணியை மூலைப் பக்கம் மடித்துத் தேய்த்தால் கால் வட்டத்தின் இடத்தில் முக்கோணம் அமர்ந்துவிடும். அடுக்கும் முறை பழையதே. பாதை இப்போது வளையாது, முறியும். சற்று விலகி நின்று பார்த்தால் தள்ளாட்டம் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் குறையும்: கால் வட்டம் 12½ சதுர அங்குலத்திற்குச் சற்று மிகும், முக்கோணம் 8-தான். மூலைகள் மெலிந்து தோன்றும். நிறங்கள் இரண்டும் நன்றாக வேறுபட்டிருந்தால் அது உறுத்தாது.

நேர்த் தையல் மட்டமானது என்பாருக்குக் ‘கடற்புயல்’ என்னும் பழங்கோலத்தைக் காட்டலாம். அதில் வளைவே இல்லை. சதுரத்துள் சதுரம், நீள்சதுரத்துள் வைரம், அவ்வளவே. சதுரத்தின் கோடு 45 பாகை சாய, அகலத்தின் இருமடங்கு நீளமுள்ள நீள்சதுரத்தின் வைரக்கோடு ஏறத்தாழ 27 பாகை சாய்கிறது. இச்சாய்வு மாற்றத்தைக் கண் தானே அலையாக்கிக்கொள்கிறது!

எல்லாவற்றையும் இப்படி நிமிர்த்திவிட முடியாது. 1930-களில் அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்பட்ட ‘இரட்டைத் திருமண மோதிரம்’ கோத்த வளையங்களையே உயிராக உடையது. நிமிர்த்தினால் சங்கிலி கிடைக்கும், மோதிரம் கிடைக்காது. அதனை வளைத்தே தைக்க வேண்டும். ஓய்வில்லாத மாதத்தில் தொடாதிருப்பதே மேல்.

பருத்தித் துண்டுகளையே எடுங்கள். புதுத் துணியாயின் முன்னதாக நனைத்து உலர்த்துங்கள். முதல் முயற்சிக்கு 16 சதுரங்கள் போதும். இணைத்தால் 24 அங்குலச் சதுரமாகும். பெரிய திண்டு ஒன்றின் உறைக்குப் பொருந்தும்.